பக்கத்து அறை விஞ்ஞானியும் பாமரர்தான்

பெங்களூரில் ஆட்டோக்காரரிடம் ‘இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்’ என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றால் உடனே தலையாட்டிவிடுவார். மீட்டர் போடுவாரா என்பது வேறு கதை. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பணமும் மைசூர் அரசு கொடுத்த 371 ஏக்கர் நிலமும் சேர்ந்து 1909-ல் உருவான நிறுவனம் அது. நூறாண்டு தாண்டியும் ஊர் வாயில் அதற்குப் பழைய பெயர்தான்.

படிப்போ சம்பளமோ இல்லாமல் சாயங்கால வேளையில் அந்த வளாகத்துக்குள் நுழைகிற ஒரு கூட்டம் உண்டு. பி.இ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. என்று பொதுத்துறை ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களில் கோலார், சேலம், வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள் கணிசம். ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கையோடு இழுத்துவரும் அம்மாக்கள் இருப்பார்கள். கழுத்தில் அலுவலக அட்டையைக் கழற்ற மறந்த ஐ.டி. இளைஞர்களும் இருப்பார்கள். எல்லோரும் பொது அறிவியல் சொற்பொழிவு கேட்க வந்தவர்கள். கட்டணம் கிடையாது. முடிந்ததும் காப்பியும் பிஸ்கட்டும் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் சமோசாவும் உண்டு.

அல்சூரில் இருக்கும் என் அத்தை ஒருமுறை கேட்டார்: “ஏண்டா, காசு வாங்காம பாடம் எடுத்து, காப்பியும் குடுத்து அனுப்பறாங்களே, அதுல அவங்களுக்கு என்னதான் லாபம்?” நான் அப்போது ஏதோ மழுப்பினேன். யோசித்துப் பார்த்தால் அது பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம். ஒரு துறைக்குள் பத்திருபது பேர் சின்ன அறையில் உட்கார்ந்து, ஒருவர் தன் ஆய்வைச் சொல்ல மற்றவர்கள் நடுவிலேயே மறித்துக் கேட்பது செமினார். மொத்தத் துறைக்கும் புரியும்படி கொஞ்சம் மேலிருந்து பேசுவது கொலோக்கியம். ஒரு பொருளைச் சுற்றிப் பலரை வரவழைத்து இரண்டு மூன்று நாள் நடத்துவது சிம்போசியம். தமிழில் கருத்தரங்கு என்கிறோம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குச் ‘சேர்ந்து குடித்தல்’ என்று பொருள். அங்கே திராட்சை ரசம், இங்கே ஃபில்டர் காப்பி. யாரும் வந்து உட்காரலாம் என்பது பொதுச் சொற்பொழிவு.

இவற்றில் கடைசி இரண்டும் பார்வைக்குத் தொலைவில் இருப்பவை. ஒன்றில் நிபுணர்கள், மற்றதில் பொதுமக்கள். ஆனால் நடைமுறையில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. காரணம் விமான டிக்கெட். கருத்தரங்குக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வருகிறார் என்றால் அவருடைய பயணச் செலவு, விருந்தினர் விடுதி எல்லாம் கருத்தரங்கின் கணக்கில் போய்விடும். ‘வந்ததுதான் வந்தீர்கள், ஒரு சாயங்காலம் ஊர்க்காரர்களுக்கும் பேசிவிடுங்கள்’ என்று கேட்பதற்குக் கூடுதல் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரங்கம் சொந்தம், மைக் சொந்தம். காப்பித் தூள்தான் செலவு. பெங்களூர் வடக்கே சிவகோட்டேயில் இருக்கும் ஐ.சி.டி.எஸ். (சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம்) இதை ஓர் ஒழுங்காகவே வைத்திருக்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையாக 2007-ல் தொடங்கியது இது. வருகிற அறிஞர்களை வைத்து இது நடத்தும் உரைத்தொடர்களில் ஒன்று வானியற்பியலாளர் சந்திரசேகர் பெயரில், ஒன்று கணித மேதை ராமானுஜன் பெயரில், இன்னொன்று கணினி அறிவியலின் முன்னோடி டூரிங் பெயரில். தொடரின் முதல் உரை பெரும்பாலும் எல்லோருக்குமானதாக இருக்கும். அடுத்த நாட்களின் உரைகள் போகப் போகக் கனமாகும். முதல் நாள் முன்வரிசையில் இருந்த நான் மூன்றாம் நாள் கதவோரம் உட்கார்ந்திருந்ததுண்டு.

அத்தைக்கான பதிலில் அரசுப் பகுதியும் உண்டு. அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமகனின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. 1976-ல் 42-ஆவது திருத்தம் வழியாக வந்தது அது. 2022-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு வழிகாட்டுதலும் வெளியிட்டது. அறிவியலாளர்கள் வருடத்துக்குக் குறைந்தது 10 நாளாவது தங்கள் அறிவைச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ளச் செலவிட வேண்டும் என்று அது கேட்டுக்கொள்கிறது. வரிப்பணத்தில் ஓடுகிற ஆய்வகம் வரி கட்டுகிறவருக்குக் கணக்குச் சொல்லட்டும் என்பது நியாயம்தானே. ஆனால் வெறும் கடமைக்காகப் பேசுகிற உரையை ஐந்தாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அறுபது ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் நாற்பது வரி.

கடமையைத் தாண்டிய ஒரு மரபு இந்த ஊருக்கு இருக்கிறது. அதன் ஊற்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில். 1825 வாக்கில் மைக்கேல் ஃபாரடே அங்கே வெள்ளிக்கிழமை மாலை உரைகளையும், சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகளையும் தொடங்கினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு முழு வேதியியலையும் சொல்லிவிட்டவர் அவர். அதைப் பார்த்து, கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் ஓர் அறிவியல் சங்கம் தொடங்கினார். ஆய்வும் பொது உரையும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போய் இறங்கிய பதினெட்டு வயதுத் திருச்சிக்காரர் ஒருவர் தெருவில் அந்தச் சங்கத்தின் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர்தான் சி.வி. ராமன். அலுவலக நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கே ஆராய்ச்சி செய்தார், பொதுமக்களுக்கு உரையும் ஆற்றினார். 1933-ல் டாட்டா இன்ஸ்டிட்யூட்டின் முதல் இந்திய இயக்குநராகப் பெங்களூர் வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தார்.

ராமன் பேச்சைக் கேட்டவர்கள் அதை ஒரு கச்சேரி மாதிரி சொல்வார்கள். 1968 டிசம்பரில் அகமதாபாத்தில் ‘வானம் ஏன் நீலமாக இருக்கிறது’ என்று அவர் பேசியதன் எழுத்து வடிவம் கிடைக்கிறது. முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்கிறார், பார்த்ததைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்கிறார், விடை அப்புறம்தான் வருகிறது. 1948-ல் அவர் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஒவ்வோர் ஆண்டும் காந்தி பிறந்தநாளில் நினைவுச் சொற்பொழிவு ஆற்றுவதை வழக்கமாக வைத்திருந்தார். கடைசியாகப் பேசியது 1970 அக்டோபர் 2. எண்பத்திரண்டு வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. பேசிய பொருள் ஒளியோ படிகமோ அல்ல, காது எப்படிக் கேட்கிறது என்பது. அதே நவம்பர் 21-ல் இறந்துபோனார். அந்தச் சொற்பொழிவு இன்றும் நடக்கிறது.

ஒளிக்கு நோபல் வாங்கியவர் காதுக்கு ஏன் போனார்? அவர் எப்போதுமே அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார். இங்கே கொஞ்சம் நிறுத்தி மிருதங்கத்தைப் பார்க்கலாம். ‘பல்துறை ஆய்வு’ என்று விண்ணப்பங்களில் எழுதப்படும் சொல் உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சாதாரணத் தோல் பறையைத் தட்டினால் சத்தம் வரும், சுருதி வராது. இழுத்துக் கட்டிய வட்டத் தோல் ஒரே சமயத்தில் பல விதமாக அதிரும். அந்த அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில் இருக்கும். வீணைக் கம்பியில் அப்படி இல்லை. 1, 2, 3, 4 என்று முழு எண்களில் அடுக்கும். அதனால்தான் நம் காது அதை ஒரு ஸ்வரமாக எடுத்துக்கொள்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையோ தோலாக இருந்தும் வீணைக் கம்பி மாதிரி நடந்துகொள்கிறது. அதன் நடுவே அப்பியிருக்கும் கரிய வட்டம்தான் காரணம். கரணை என்றும் சோறு என்றும் சொல்வார்கள். வடித்த சோற்றோடு கருங்கல் பொடியைக் குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. நடுவில் எடை கூடுவதால் அதிர்வெண்கள் நகர்ந்து போய் முழு எண்களில் உட்காருகின்றன. ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அப்புறம் 1934-ல், பெங்களூரில் தாம் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் ராமன் விரிவாக எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டி, மணல் ஒதுங்கும் கோடுகளை வைத்து ஒவ்வோர் அதிர்வையும் பிரித்தறிந்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஒன்றுகூடி ஐந்தே ஸ்வரங்களாக அடங்கிவிடுகின்றன என்பது அவர் கண்டது.

இதில் விஞ்ஞானி யார்? கணக்கைப் போட்டது ராமன். ஆனால் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, எங்கோ ஒரு மிருதங்கம் செய்பவர் காதால் கேட்டுக் கேட்டுக் கரணையின் கனத்தையும் அகலத்தையும் சரிபார்த்து முடித்திருக்கிறார். ராமன் செய்தது, அந்தக் கைவினைஞரின் விடைக்கு உரிய கேள்வியைக் கண்டுபிடித்தது. வீணை வாசிக்கிற லோகசுந்தரியை மணந்தவருக்கு இந்தப் பக்கம் காது திரும்பியதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு தமிழ்நாட்டுக் கதையும் இதே வகைதான். ராமனின் மாணவர் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். 1952-ல் அங்கே வந்த பிரிட்டன் விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் என்பது தோலிலும் தசைநாணிலும் இருப்பது. கிண்டிப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மாதிரி அங்கிருந்து கிடைத்தது. 1954-ல் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்ற வடிவத்தை ராமச்சந்திரன் முன்வைத்தார். பின்னாளில் பெங்களூருக்கு வந்து டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவியதும் அவர்தான். வந்தவர் சொன்ன ஒரு வார்த்தையும், பக்கத்து நிலையத்தில் கிடைத்த ஒரு மாதிரியும் போதுமாக இருந்தன.

சரி, இவ்வளவு பலன் இருக்கிறதென்றால் எல்லாப் பல்துறைக் கருத்தரங்கும் இப்படி நடக்க வேண்டுமே? நடப்பதில்லை. நான் போன ஒன்றில் (எது என்று சொல்லப்போவதில்லை) காலையில் ஓர் உயிரியலாளர், அப்புறம் ஒரு பொருளியலாளர், அப்புறம் ஒரு கணினிக்காரர் பேசினார்கள். ஒவ்வொருவரும் தன் ஊரில் பேசுகிற அதே உரையை இங்கேயும் பேசிவிட்டு இறங்கினார். கேள்வி நேரத்தில் உயிரியலாளரிடம் உயிரியலாளர்களே கேட்டார்கள். மூன்று துறைகள் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டன, அவ்வளவுதான்.

சிக்கல் பெரும்பாலும் சொற்களில் இருக்கிறது. ‘மாடல்’ என்கிற சொல் இயற்பியலாளருக்குச் சில சமன்பாடுகள். உயிரியலாளருக்கு அது எலி அல்லது பழ ஈ. ‘வெக்டர்’ என்றால் கணிதக்காரருக்குத் திசையுள்ள ஓர் அளவு, கொள்ளைநோய் ஆராய்பவருக்குக் கொசு, மரபணுப் பொறியாளருக்கு டி.என்.ஏ.வைச் சுமந்துபோகும் வண்டி. ‘நியூக்ளியஸ்’ ஒருவருக்கு அணுவுக்குள், இன்னொருவருக்குச் செல்லுக்குள். வானியலாளர்களைக் கேட்கவே வேண்டாம். ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மிச்சமெல்லாம் அவர்களுக்கு ‘உலோகம்’தான், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் உட்பட. ஒரே மேசையில் உட்கார்ந்த இருவர் ‘மாடல்’ என்ற சொல்லைக் கால்மணி நேரம் புழங்கிவிட்டு, இருவரும் பேசியது வேறு வேறு என்று கடைசியில் கண்டுபிடிப்பது இங்கே சாதாரணம்.

நான் இத்தனை வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து கண்டுகொண்டது இதுதான்: தன் துறைக்கு வெளியே காலை வைத்த மறுநிமிடம் எந்த நிபுணரும் நம்மைப் போன்ற பாமரர் ஆகிவிடுகிறார். ஆகவே பொதுமக்களுக்குப் பேசத் தெரிந்தவருக்குத்தான் பக்கத்து அறை விஞ்ஞானியிடமும் பேசத் தெரியும். இரண்டும் ஒரே வித்தை. துறைச் சொல்லைக் கீழே வைத்துவிட்டு, ‘எனக்கு எது புதிராக இருக்கிறது’ என்று தொடங்குகிற வித்தை. இதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1943 பிப்ரவரியில் டப்ளினில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் பொதுமக்களுக்கு ‘உயிர் என்றால் என்ன?’ என்று மூன்று உரைகள் ஆற்றினார். சுமார் நானூறு பேர் வந்தார்கள், கடைசிவரை பெரிதாகக் கலையவும் இல்லை. மரபுச் செய்தியைச் சுமப்பது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வராத ஒரு படிகமாக இருக்க வேண்டும் என்று அங்கே சொன்னார். அடுத்த ஆண்டு அது புத்தகமாக வந்தது. அதைப் படித்த வாட்சனும் கிரிக்கும் பின்னர் டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டார்கள். ஊர்ச் சனங்களுக்காக எளிமையாக்கிச் சொன்ன பேச்சுதான், உயிரியல் தெரியாத இயற்பியலாளர்களுக்கும் வாசலாக அமைந்தது.

பெங்களூரில் இதற்கென்றே இரண்டு ஏற்பாடுகள் செய்து பார்த்தார்கள். 1988-ல் ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியில், ராஜா ராமண்ணா இயக்குநராக, டாட்டா இன்ஸ்டிட்யூட் வளாகத்திலேயே தேசிய உயர் ஆய்வு நிறுவனம் வந்தது. விஞ்ஞானி, நிர்வாகி, சமூக அறிவியலாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைப்பது நோக்கம். 2004-ல் குளவிகளின் சமூக வாழ்வை ஆராயும் ராகவேந்திர கடக்கர், டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்குள்ளேயே தற்கால ஆய்வுகளுக்கான மையம் ஒன்றைத் தொடங்கி, தத்துவவாதிகளையும் வரலாற்றாளர்களையும் கலைஞர்களையும் விஞ்ஞானிகளுக்கு நடுவே கொண்டுவந்து பேசவைத்தார். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அங்கே பாமரர் நாற்காலியில் உட்கார வேண்டியவர் விஞ்ஞானி.

தெற்கே பசவனகுடியில் கதை வேறு. அங்கே நேஷனல் கல்லூரியில் 1962-ல் எச். நரசிம்மையா பெங்களூர் சயின்ஸ் ஃபோரத்தைத் தொடங்கினார். கதராடை, கல்யாணம் கிடையாது, கல்லூரி விடுதி அறையே வீடு, அமெரிக்காவில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம். வாரம் தவறாமல் உரை, ஜூலையில் அறிவியல் விழா. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது 1976-ல், அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்து சத்ய சாய்பாபாவுக்குக் கடிதம் எழுதியவரும் அவர்தான். பாபா ஒத்துக்கொள்ளவில்லை. நரசிம்மையா 2005-ல் மறைந்தார். பெரிய நிறுவனத்தின் விமான டிக்கெட் இல்லாமலும் பொது உரை நடத்தலாம் என்பதற்கு அந்த மன்றமே சான்று.

மொழி விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நேரு கோளரங்கத்தில் ஐ.சி.டி.எஸ். நடத்தும் மாதாந்திர உரைக்கு ‘காப்பி வித் க்யூரியாசிட்டி’ என்று பெயர். காப்பி மட்டும் நம்மூர், மிச்சம் ஆங்கிலம். கன்னடத்தில் உரைகள் நடக்கின்றன, நடக்க வேண்டும், ஊர் அவர்களுடையது. தமிழில் வேண்டுமென்றால் நம் சங்கங்கள்தான் மேடை போட வேண்டும். பேச ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சந்திரயான்-1-ஐ வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரையும், 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் வேலை பார்த்தது இந்த ஊர் இஸ்ரோ மையத்தில்தான்.

யூடியூப் வந்த பிறகு நேரில் போவது எதற்கு என்று கேட்கலாம். உரையை மட்டும் கேட்க வேண்டுமானால் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே நிறுத்தி நிறுத்திக் கேட்பது இன்னும் வசதி. நான் போவது கடைசிக் கால்மணி நேரத்துக்காக.

ஈர்ப்பு அலைகள் பற்றிய ஓர் உரை. கருந்துளைகள் மோதும்போது அண்டவெளியில் பரவும் மெல்லிய அதிர்வுகள் அவை. 2015 செப்டம்பர் 14-ல் அமெரிக்காவின் லைகோ கருவி முதன்முறையாக அந்த அலையைப் பிடித்த கதை. நான்கு கிலோமீட்டர் நீளக் குழாயின் முனையில் தொங்கும் கண்ணாடி, ஒரு புரோட்டான் அளவைவிடச் சிறிய அசைவு. கேள்வி நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் கருந்துளைக்குள் விழுந்தால் என்னாகும் என்று கேட்டார்கள். எப்போதும் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம் என் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்தார். ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் கிரைண்டிங் பகுதியில் முப்பது வருடம் இருந்தவர். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார்: ரோட்டில் லாரி போனாலே எங்கள் மெஷினில் மைக்ரான் கணக்கு ஆடிப்போகும், நீங்கள் இதை எப்படி ஆடாமல் வைத்திருக்கிறீர்கள்?

பேசியவரின் முகமே மாறிவிட்டது. நாற்பது கிலோ எடையுள்ள அந்தக் கண்ணாடியை நான்கு அடுக்கு ஊசலாகத் தொங்கவிடுவது, கடைசி அடுக்கில் எஃகுக் கம்பிக்குப் பதிலாக அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சிலிக்கா நூலைப் போடுவது, இந்தியாவில் வரவிருக்கும் லைகோவுக்கு மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலியில் இடம் தேடும்போது நில அதிர்வைக் கணக்கில் எடுத்தது என்று பத்து நிமிடம் அவருக்கு மட்டுமே பதில் சொன்னார். ஸ்லைடில் இதெல்லாம் ஒரு வரியாகத்தான் இருந்தது.

வெளியே காப்பி வரிசையில் பெரியவர் எனக்கு அதையே தமிழில் இன்னொருமுறை விளக்கினார், விரல்களை ஊசலாக ஆட்டிக் காட்டியபடி. ஜாலஹள்ளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “தம்பி, அந்த சிலிக்கா நூலைக் கண்ணாடியில எப்படி வெல்டு பண்றாங்கன்னு கேக்காம விட்டுட்டேனே. அவர் இன்னும் உள்ளதான இருக்காரு?”